வாட்டர் பம்ப் மாற்றிய பிறகு பழைய ஜென் காரில் இழுவை குறைந்து சூடும் ஏறுகிறது: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

குலசேகரம் 98 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 1998ஆம் ஆண்டு மாருதி ஜென் ஒன்று இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, 993 சிசி, இதுவரை 1 லட்சத்து 12 ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. மாதம் ஒருமுறை அம்மாவை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், வாரத்தில் இரண்டு நாள் பேச்சிப்பாறைப் பக்கம் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் போய்வருவதும்தான் இப்போது அதற்கு வேலை.

சென்ற மாதம் ஃபேன் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து கீச்சென்ற சத்தம் வந்தது. வண்டி நின்ற இடத்தில் தண்ணீரும் சொட்டியிருந்தது. வழக்கமாக வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது வாட்டர் பம்ப் போய்விட்டது என்றார்கள். இந்த எஞ்சினில் பம்பை எடுக்க வேண்டுமானால் டைமிங் பெல்ட்டையும் (கிராங்க் ஷாஃப்ட்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பல் பெல்ட்) கழற்றியாக வேண்டும் என்பதால், பெல்ட்டையும் அதை விறைப்பாக வைக்கும் டென்ஷனரையும் சேர்த்தே புதிதாகப் போடச் சொன்னேன். ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலண்ட் எல்லாமே புதியவை. அந்த வேலைக்கு முன்பு வண்டியின் ஓட்டத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

வண்டியை எடுத்த அன்று மாலையே வேறுபாடு தெரிந்தது. ஸ்டார்ட் ஆவதில் தொந்தரவு இல்லை. ஆனால் ஐடிலில் முன்பைவிடக் கரடுமுரடாக நிற்கிறது. பேச்சிப்பாறைச் சாலையில் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த ஏற்றங்களில் இப்போது இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. எப்போதும் பாதிக்குக் கீழேயே நிற்கும் சூட்டு முள் ஏற்றத்தில் முக்கால் அளவைத் தாண்டுகிறது; சில நேரங்களில் திடீரென்று இறங்கி மறுபடி ஏறுகிறது. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த வண்டி 11 தான் கொடுக்கிறது. இதைச் சொன்னதும் மெக்கானிக், பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தார், கார்புரேட்டரை டியூன் செய்தார், கடைசியில் புதிதாகப் போட்ட தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டார். இழுவை சற்றே கூடியது, ஆனால் பழையபடி வரவில்லை. இப்போது அவர் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து சமப்படுத்த வேண்டும், 15 ஆயிரத்துக்குக் குறையாது என்கிறார்.

நான் பார்த்த வரையில் ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெளிறிய நுரை படிந்திருக்கிறது. அந்த நுரையைக் காட்டித்தான் கேஸ்கெட் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும், தேவையில்லாமல் ஹெட்டைத் திறந்தால் இந்த எஞ்சின் பழையபடி அமையுமா என்ற பயம்தான் அதிகமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


குளச்சல் கரை எழுதியது:

முள் திடீரென்று இறங்கி ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றுவது உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான். சூட்டு முள்ளுக்கான சென்ஸர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். அதன் முனையில் காற்றோ நீராவியோ வந்து நின்றால் முள் தாறுமாறாக ஆடும். ரேடியேட்டர், பம்ப், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிப் பூட்டிய வண்டியில் காற்று தங்கியிருப்பது மிகச் சாதாரணம். எஞ்சின் ஆறிய நிலையில், உங்கள் ஊரில் சரிவான சாலைக்குக் குறைவில்லை, வண்டியின் முன்பக்கம் மேட்டைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலண்டை விளிம்பு வரை நிரப்பி ஐடிலில் ஓட விடுங்கள். மேல் ஹோஸை இடையிடையே கையால் பிசைந்து கொடுத்தால் குமிழிகள் வெளியே வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு மூடியைப் பூட்டி, ரிசர்வ் பாட்டிலிலும் அளவைச் சரிசெய்யுங்கள். சூடான எஞ்சினில் எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்க வேண்டாம். 0.9 கிலோ அழுத்தத்துக்கான மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 118 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விழுந்து அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

இரண்டாவதாக, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் திசையைப் பாருங்கள். கழற்றிப் பூட்டும்போது ஒயர்கள் இரண்டும் இடம் மாறிவிட்டால் ஃபேன் ஓடத்தான் செய்யும், ஆனால் எதிர்த்திசையில் ஓடி, முன்னாலிருந்து வரும் காற்றை எதிர்த்துத் தள்ளும். ஃபேன் ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் உள்ளே இழுபட்டு ஒட்டினால் திசை சரி.

இன்னொன்றையும் கேட்கிறேன், கூலண்டை எந்தத் தண்ணீரில் கலந்தார்கள்? எங்கள் கடற்கரைப் பகுதியில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். அதை ஊற்றிய ரேடியேட்டர்கள் ஒன்றிரண்டு ஆண்டில் அடைத்துப்போவதையும், அலுமினிய ஹெட்டுகளில் தண்ணீர்ப் பாதை அரித்துப்போவதையும் நிறையப் பார்த்துவிட்டேன். ஜென் எஞ்சின் முழுக்க அலுமினியம். தண்ணீர் உறையும் குளிர் நமக்கு இல்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரிப்பைத் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும்தான் அது நமக்கு வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுவதே நல்லது.


குலசேகரம் 98 எழுதியது:

குளச்சல் நண்பருக்கு மிகுந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே வீட்டின் முன்னுள்ள சரிவில் நிறுத்திச் செய்தேன். குமிழிகள் நிறையவே வந்தன. முக்கால் லிட்டருக்கு மேல் கூலண்ட் பிடித்தது. ஃபேனின் திசை சரியாக இருக்கிறது. தண்ணீர் எது என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டதில் கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், அதை மாற்றிவிடுகிறேன். இப்போது முள் துள்ளுவது நின்றுவிட்டது. ஆனால் ஏற்றத்தில் முக்கால் அளவுக்கு ஏறுவதும் இழுவை இல்லாததும் அப்படியேதான் இருக்கின்றன. சமதளத்தில், அழகியமண்டபத்திலிருந்து தக்கலை வரை ஓட்டியபோது பாதிக்குச் சற்று மேலே நின்றது.


தக்கலை பயணி எழுதியது:

காற்றை எடுத்த பிறகும் சூடு ஏறுகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். என்னிடம் இருந்த பழைய அம்பாசடரில் வெள்ளைப் புகையும் இல்லை, ஆயிலில் தண்ணீரும் இல்லை; ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லைப்போல இறுகிவிடும். எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் கசிந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்து, காற்றெல்லாம் போன பிறகும் குமிழி இடைவிடாமல் வருகிறதா என்று கவனியுங்கள். கசிவு வாயுவைக் கண்டறியும் நீல நிறத் திரவம் வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப் கிடைத்தால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாயு கலந்தால் நீலம் மஞ்சளாக மாறும். இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் உங்கள் மெக்கானிக் சொல்வது சரியென்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் அவசரப்பட வேண்டாம்.


வடசேரி பட்டறை எழுதியது:

தம்பி, நாற்பது ஆண்டுகள் எஞ்சின் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்கள் முதல் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்களே எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வேலைக்கு முன்பு வண்டியின் ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை என்கிறீர்கள். நன்றாக ஓடிய வண்டி ஒர்க்‌ஷாப்புக்குள் போய் வந்த அன்று மாலையே மாறியிருக்கிறது என்றால், கை பட்ட இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். கை படாத ஹெட் கேஸ்கெட்டுக்குப் போவது அதற்குப் பிறகுதான். பம்ப் ஒழுகிய நாட்களில் நீங்கள் முள் சிவப்புக்குப் போகும் அளவுக்கு ஓட்டியதாக எழுதவில்லை. அப்படி ஓட்டியிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மூடியின் அடியில் உள்ள நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்கு முன்பே நிறுத்தப்படும் குறுகிய ஓட்டங்களில் உள்ளே ஈரம் படிந்து, குளிர்ந்த மூடியின் அடியில் ஆயிலோடு சேர்ந்து இப்படி வெளிறிய பசையாக நிற்கும். தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டதால் எஞ்சின் சூடாக நேரம் பிடிக்கும், அதனால் நுரை இன்னும் கூடும். டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயில் பால் கலந்த காப்பியைப்போல மாறாத வரையில் மூடியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தக்கலை நண்பர் சொன்ன சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள், அவை நல்ல சோதனைகள்.

சூடு ஏறுவதையும் இழுவை குறைந்ததையும் நாம் இரண்டு நோய்களாக நினைக்கிறோம். சூட்டால்தான் இழுவை போனது என்றுகூட நினைக்கிறோம். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. பற்றவைப்பு தாமதமானால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிடும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள ஹெட்டுக்கும் போய், அங்கிருந்து தண்ணீருக்குப் போகும். வால்வு டைமிங்கும் தாமதமானால் சிலிண்டருக்குள் வந்த காற்றில் ஒரு பகுதி இன்டேக் வால்வு மூடுவதற்குள் திரும்பி வெளியே போய்விடும். இழுவை இல்லாததால் நீங்கள் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்துவீர்கள், பெட்ரோல் கூடுதலாக எரியும், ரேடியேட்டருக்குக் கூடுதல் வேலை வரும். 15 கொடுத்தது 11 ஆனதும், ஏற்றத்தில் மட்டும் முள் ஏறுவதும், ஐடில் கரடுமுரடாக இருப்பதும் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் கவனமாக வேலை செய்கிறவர்களுக்கும் இது நேர்வதுண்டு. கிராங்க் சக்கரத்தின் குறியையும் கேம் சக்கரத்தின் குறியையும் சேர்த்து வைத்துத்தான் பெல்ட்டைப் போடுவார்கள். ஆனால் டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் சற்றுத் தளர்வாக இருந்துவிட்டால், டென்ஷனரை இறுக்கிக் கிராங்க்கைச் சுற்றும்போது அந்தத் தளர்வு முதலில் இழுபட்டு, கேம் ஒரு பல் பின்தங்கிவிடும். அதனால்தான் பெல்ட்டைப் போட்ட பிறகு, ஸ்பானரால் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும். மாலையில் வண்டியைக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு சுற்றுதான்.

கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் என்பது 18 பாகை. ஜென் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட்தான். ஆகவே கேம் தாமதமானால் பற்றவைப்பும் அதே அளவுக்குத் தாமதமாகும். உங்கள் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியதும் இழுவை சற்றுக் கூடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு ஒரு சாட்சி. பற்றவைப்பில் ஒரு பகுதியை அவர் மீட்டுவிட்டார். வால்வின் தாமதம் அப்படியே இருக்கிறது. பற்றவைப்பு நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்து முழுவதும் சரிசெய்திருந்தாலும் லைட் சரியென்றே காட்டியிருக்கும், வால்வின் பிழை அதற்குத் தெரியாது.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டின் வாஷர் இருக்கும் இடத்தைத் துணியால் துடைக்காமல் அப்படியே பாருங்கள். பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் இறுக்கப்பட்டிருந்த வாஷர் ஒரு பளபளப்பான வட்டத்தை விட்டுச் சென்றிருக்கும். அந்தத் தடம் இப்போதைய இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் 18 பாகைக்கு அது 9 பாகைதான் திரும்பியிருக்க வேண்டும். கையோடு கையாக, பற்றவைப்பை முன்கூட்டும் வாக்யூம் அட்வான்ஸ் குழாய் கார்புரேட்டரில் அதன் இடத்தில் இருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏர் கிளீனரைக் கழற்றிய வண்டிகளில் இந்தக் குழாய் மாறிப்போவது உண்டு, அதுவும் இதே மாதிரி இழுவைக் குறைவைக் காட்டும்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்ப்பது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரால் சுற்றிப் பாருங்கள். மிதிக்காமல் எடுத்த அளவுக்கு அர்த்தமில்லை. நல்ல எஞ்சினில் 12 கிலோவுக்கு மேல் எதிர்பார்க்கலாம். கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் ஒரு சிலிண்டரோ அடுத்தடுத்த இரண்டோ மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறையும். நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால், அதுவும் ஒரு மாதம் முன்பு வரை நன்றாக இழுத்த எஞ்சினில் குறைந்திருந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்தது என்று சொல்ல முடியாது; நான்கு சிலிண்டரின் ரிங்குகளும் ஒரே நாள் மாலையில் தேய்வதில்லை.

மூன்றாவது சோதனைதான் முடிவானது. இந்த எஞ்சினில் டைமிங் கவரைத் திறக்கக் கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் ராக்கர் கவரை மட்டும் திறந்தே உண்மையைத் தெரிந்துகொள்ளலாம். எஞ்சின் ஆறியிருக்கட்டும், கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டிருக்கட்டும், பிளக்குகள் வெளியே இருக்கட்டும். புல்லியை நேராகப் பார்த்தபடி வலச்சுற்றாகத் திருப்பி, அதன் குறியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். பெல்ட் பக்கம் உள்ளதுதான் ஒன்றாவது சிலிண்டர். அதன் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர்களும் கையால் ஆட்டினால் ஆடும் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு சுற்று சுற்றுங்கள். இப்போது நான்காவது சிலிண்டரைப் பாருங்கள். அங்கே எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடியும் தறுவாயிலும், இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் தறுவாயிலும், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு அழுந்தியபடி நிற்க வேண்டும். அப்படி இல்லாமல் எக்ஸாஸ்ட் இன்னும் நன்றாக அழுந்தியும் இன்டேக் அசையாமலும் இருந்தால் கேம் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டும் சமமாக வரும்வரை புல்லியை மெதுவாகத் திருப்பி, குறி எவ்வளவு தூரம் கடந்தது என்று விளிம்பில் நூல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 12 செ.மீ. விட்டமுள்ள புல்லியில் 18 பாகை என்பது விளிம்பில் ஏறக்குறைய 19 மி.மீ. வரும். டாப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ளது) கூடக்குறைய இருந்தால் ஒன்றிரண்டு மி.மீ. வேறுபடலாம், ஒரு பல்லின் பிழையை அது மறைத்துவிடாது.

இதில் எதையும் தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் உங்கள் மெக்கானிக்கையே அழைத்து, அவர் முன்னிலையில் செய்யுங்கள். அவரைக் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். ஹெட்டைக் கழற்றுவதற்கு எப்படியும் ராக்கர் கவரைத் திறக்கத்தானே வேண்டும், அதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம் என்று சொன்னால் எந்த நல்ல மெக்கானிக்கும் மறுக்க மாட்டார்.


குலசேகரம் 98 எழுதியது:

வடசேரி அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், நாளைக்கு இதே சிக்கலோடு வருகிறவர்களுக்கு உதவும்.

தக்கலை நண்பர் சொன்ன சோதனைகளை முதல் நாளே செய்துவிட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் வரை மேல் ஹோஸ் மென்மையாகவே இருந்தது. மூடியைத் திறந்து வைத்துப் பார்த்ததில் குமிழியும் இல்லை. நீலத் திரவம் எங்கள் பக்கம் கிடைக்கவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரில் வாஷரின் பழைய தடம் தெளிவாகத் தெரிந்தது. இப்போதைய இடம் அதிலிருந்து அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விலகியிருந்தது. வாக்யூம் குழாய் சரியான இடத்தில் இருந்தது. கம்ப்ரஷன் ஒன்று முதல் நான்கு வரை முறையே 9.6, 9.5, 9.7, 9.5 என்று வந்தது. அந்த அளவுகளைப் பார்த்ததுமே மெக்கானிக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நான்கும் ஒன்றுபோலக் குறைந்திருக்கின்றனவே, கேஸ்கெட்டாக இருக்காது என்று அவரே சொன்னார்.

பிறகு ராக்கர் கவரைத் திறந்தோம். குறி பூஜ்ஜியத்தில் நிற்கும்போது நான்காவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அழுந்தியிருந்தது. இன்டேக் ராக்கரில் அசைவே இல்லை. இரண்டும் சமமாக வரும் இடம் குறியைத் தாண்டி ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளி இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, டைமிங் கவர் எல்லாவற்றையும் கழற்றினார். கிராங்க் சக்கரத்தின் குறி ஆயில் பம்பில் உள்ள குறிக்கு நேராக நிற்க, கேம் சக்கரத்தின் குறி சரியாக ஒரு பல் பின்தங்கியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

பெல்ட்டைத் திரும்பப் போட்டு, டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருப்பதை உறுதிசெய்து, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்ததில் முதல் முறை மறுபடியும் விலகியது. டென்ஷனரைத் தளர்த்தி மீண்டும் போட்ட பிறகு குறிகள் சரியாக வந்தன. நிம்மதிக்காக இன்னும் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தோம். பிறகு கம்ப்ரஷன் எடுத்ததில் நான்கும் 12.5க்கும் 13க்கும் இடையில் வந்தன. டைமிங் லைட் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்தபோது அது நின்ற இடம் வாஷரின் பழைய தடத்தின் மேலேயே அமைந்தது. அதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத முடியவில்லை. அப்பா ஓட்டிய வண்டி திரும்பக் கிடைத்ததைப்போல இருந்தது. மெக்கானிக் இந்த வேலைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இன்று காலை பேச்சிப்பாறைக்குப் போய்வந்தேன். பழைய ஏற்றங்களில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. முள் பாதியைத் தொடவில்லை. இரண்டு சந்தேகங்கள் மட்டும் இருக்கின்றன. இந்தப் பெல்ட் ஒரு மாதம் ஓடிய பெல்ட், அதையே திரும்பப் போட்டது சரிதானா? எடுத்துவிட்ட தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட வேண்டுமா, அல்லது நம் ஊர் வெப்பத்துக்கு அது இல்லாமலே ஓட்டலாமா?


வடசேரி பட்டறை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, தம்பி. கூலி வாங்காமல் தவற்றைத் திருத்திக்கொடுத்த அந்த மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள்.

பெல்ட் ஒரு மாதமே ஓடியது, ஆயிலோ தண்ணீரோ படவில்லை, கழற்றும்போது மடக்கவில்லை என்றால் அதையே ஓட்டலாம். ஓடிய திசையிலேயே திரும்பப் போட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் அம்புக்குறி போட்டிருந்தால் கவலையில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கட்டாயம் போடுங்கள். 80 பாகைக்கு மேல் திறக்கும் அந்தச் சிறிய கதவு இல்லாவிட்டால், உங்களைப்போல மழைக்காலத்தில் குறுகிய தூரம் ஓட்டுகிறவர்களின் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரவே வராது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும், மூடியின் அடியில் நுரை படிந்துகொண்டே இருக்கும். போடுவதற்கு முன் அதை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்கி, திறக்கிறதா, ஆறும்போது மூடுகிறதா என்று பாருங்கள். அதில் ஆடும் சிறிய ஊசி வால்வு இருந்தால் அது மேற்பக்கம் வரும்படி பொருத்துங்கள். காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். தெர்மோஸ்டாட்டுக்காக எப்படியும் தண்ணீரை இறக்க வேண்டும். அப்போதே கிணற்றுத் தண்ணீரை முழுவதும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த புதுக் கூலண்டை ஊற்றி, குளச்சல் நண்பர் சொன்னபடி சரிவில் நிறுத்திக் காற்றை எடுத்துவிடுங்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் போவதற்கு முன் ஒருநாள் தனியாக நாகர்கோவில் வரை ஓட்டி, வண்டி ஆறிய பிறகு பாட்டிலில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.